மூன்று கட்டுச் சூள்

யூலிற்றா சிலாவத்தை மரியதாசின் மூன்றாவது பெட்டை, யோசெப்புக்கு வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகள் இல்லை. யோசெப் நந்திக்கடலில் இறால் பிடிக்கப் போனால், பொழுதுபடக் கரையில் சூள் கொழுத்திப் பிடிப்பது அவள் வேலை. காய்ந்த தென்னோலையை இறுக முறுக்கிக் கட்டினால் அதுதான் சூள். ரோச் லைற் வந்த பிறகு அந்தச் சொல்லையே சனம் மறந்திருந்தது. தொண்ணூறில் சண்டை மூண்டு ரோச் பற்றறிக்குத் தடை வந்ததும் சொல்லும் சூளோடு திரும்பி வந்தது.

யூலிற்றாவின் சூளில் மூன்று கட்டு இருக்கும். நெருப்பு ஒவ்வொரு கட்டிலும் அமுங்கி எழும்பும். மூன்று தரம் அமுங்கினால் தன் வீட்டு வெளிச்சம் என்று யோசெப் தோணியைத் திருப்புவான்.

தொண்ணூற்றாறு ஆடியில், ஷெல்லடிக்குள் சனம் எழும்பி ஓடியபோது, "வலையை எடுத்துக்கொண்டு வாறன், நீ முன்னுக்குப் போ" என்றான் யோசெப். வரவில்லை.

இடம்பெயர்ந்த சனத்துக்கு உடையார்கட்டில் ஒரே மாதிரி நூறு ஓலைக் கொட்டில். எது தன்னுடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? யூலிற்றா இருள் கவியும் மைமல் பொழுதில், கொட்டில்களுக்கு நடுவே போகும் ஒழுங்கையின் முகப்பில் நின்று சூள் கொழுத்தினாள்.

ஒருநாள் பக்கத்துக் கொட்டில் பரமேஸ்வரன் ஓடிவந்தார்.

"அக்கா, உந்தப் பந்தத்தை நூருங்கோ! மேல பிளேன் இரையுது!"

"பந்தம் உங்கட செத்தவீட்டில பேரப்பிள்ளையள் பிடிக்கிறது. இது சூள். இவர் உயிரோட இருக்கிறார்."

"இருக்கட்டும். நாங்களும் இருக்கவேணுமெல்லோ?"

யூலிற்றா சூளை மணலில் புதைத்தாள்.

மறுநாள் அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி ரோச் ஒன்றைக் கொண்டுவந்தாள். "கடைசி ரெண்டு பற்றறி அக்கா, வெயிலில காயவைச்சு வைச்சிருக்கிறம். மூண்டுதரம் அமத்தி விடுங்கோ. பிளேன் வந்தா உடன நூத்துப்போடலாம்."

அமத்திப் பார்த்தாள். வெளிச்சம் பட்டென்று போய்ப் பட்டென்று வந்தது. அமுங்கவுமில்லை, எழும்பவுமில்லை.

"இது ஊராற்ற வெளிச்சம் மாதிரியெல்லோ கிடக்கு, தங்கச்சி. இவர் பாத்திட்டு நேர போயிடுவார்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அதன்பிறகு கொழுத்தவில்லை. ஆனால் ஓலை கிடைத்த நாளெல்லாம் மூன்று கட்டுக் கட்டிக் கொட்டில் சுவரோடு சாத்தினாள். நாலு வருடத்துக்குள் உள்ளே பாய் விரிக்க மட்டுமே இடம் மிஞ்சியது.

இரண்டாயிரமாம் ஆண்டு மாசியில் மலேரியா அவளைப் படுக்கையில் போட்டது. கஞ்சி கொண்டுவந்த ஜெகதீஸ்வரியிடம் சூள்களைக் காட்டினாள்.

"நான் கண்ணை மூடினா, பகலெண்டாலும் உதில ஒண்டைக் கொழுத்தி ஒழுங்கையில பிடி. மூண்டு கட்டும் எரியுமட்டும் நில். இவர் அங்கால இருந்தா, நான் வாறது தெரியட்டும்."

யோசெப் சாவுக்கு அங்கால இருக்கக்கூடும் என்று யூலிற்றா வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். ஜெகதீஸ்வரி "ஓம் அக்கா" என்றாள்.