வெள்ளைத்துரை மாற்றிச் சொன்ன ஒயர்

டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மேசைக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார் வெள்ளைத்துரை. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் அலுவலகம். தூசி பிடித்த ஒயர்களை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளுகிறார். "இது எட்டுக் கம்பி, நெட் ஒயரு, இருக்கட்டும். இது போன் ஒயரு. இந்தக் கறுப்பு, முனையத் திருகி மாட்டுறது, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குள்ளது. தூக்கிப் போடுங்க."

ஐம்பதைத் தாண்டியவர். கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர், கேமரா ஒயர் இழுப்பது தொழில். ஒயரைக் காதோரம் வைத்து வளைத்துப் பார்ப்பார். உள்ளே கம்பி முறிந்திருந்தால் கேட்டுவிடுமாம்.

போன வருடம் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஷெட் வெடித்து, சண்முகத்தாய் என்ற பெண் இறந்துபோனார். ஒரே அறையில் எத்தனை பேரை அடைத்து வைத்திருந்தார்கள் என்பதுதான் கேள்வி. கேமரா இருந்தது, படம் இல்லை. "கனெக்டர் துருப்பிடிச்சு மாசக்கணக்காச்சு" என்று மேனேஜர் சூர்யபிரகாஷ் விசாரணை அதிகாரியிடம் ஓர் ஒயரைக் காட்டினார். ஒயர் இழுத்தவர் என்று வெள்ளைத்துரையையும் கூப்பிட்டிருந்தார்கள்.

கையில் வாங்கிப் பார்த்தார். கறுப்பு, திருகு முனை. "இது அந்த ஷெட்டு ஒயரே இல்லய்யா. ஆபீஸ் சீலிங்ல சும்மா கெடந்த பழசு. ஷெட்டுக்கு எட்டுக் கம்பி. தீவாளிக்கு முந்தி நான்தான் புதுசா இழுத்தேன், படம் நல்லாத்தான் வந்துச்சு."

விசாரணை இழுத்துக்கொண்டே போனது. ஒருநாள் சண்முகத்தாயின் கணவர் ஆண்டிச்சாமி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க சொன்னது நெசந்தான். அந்த நெசத்த வச்சு நான் என்ன செய்ய? நீங்க பேச்ச மாத்துனாத்தான் பணம் தருவோம்ங்காக கம்பெனில. ரெண்டு பொட்டப்பிள்ளைகள வச்சிருக்கேன்."

"ஏலே, ஒம் பொண்டாட்டிக்காகத்தானலே சொன்னேன்."

"தெரியும்ணே. அவளுக்காகவே மாத்திச் சொல்லுங்க."

மறுவாரம் அதே அதிகாரி முன்னால் போய், "வயசாயிருச்சுய்யா, ஒயரு மாறித் தெரிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆண்டிச்சாமிக்குப் பணம் கிடைத்தது. பட்டாசுக் கம்பெனி ஒன்றும் இப்போது இவரைக் கூப்பிடுவதில்லை. "ஒயரு தெரியாத ஆளுன்னு பேரு," என்கிறார். "நானே வாங்குன பேரு."

வேலை முடிந்து டீக்கடையில் நின்றோம். ஆட்களை இறக்கிவிட வந்த கம்பெனி வேன் ஒன்று வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்கியது. சண்முகத்தாய் இறந்த அதே கம்பெனி. ஜன்னலோரம், புருவமெல்லாம் அலுமினியப் பொடி படிந்து, ஆண்டிச்சாமியின் மூத்த மகள் பாண்டிச்செல்வி. "பெரியப்பா!" என்று கையசைத்தாள்.

வெள்ளைத்துரை, குடித்து முடித்திருந்த கிளாஸை வாய்க்குத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வேன் போய், புழுதி அடங்கிய பிறகும் அதை இறக்கவில்லை.