தன் கீலுக்கே மறுப்புச் சொன்னவள்

யோலண்டா அரேச்சிகாவைப் பிடிவாதக்காரி என்பார்கள் எங்கள் நிறுவனத்தில். சொல்லிவிட்டுப் போகட்டும். பல வருடம் அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவன் நான்; எங்களில் முதுகெலும்பு இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

டாரன்ஸ் என்ற ஊரில் கராஜ் கதவு ரிப்பேர் செய்பவரின் மகள். லீவு நாளெல்லாம் அப்பாவின் வேனில் சுற்றி, கையெல்லாம் கிரீஸோடு வளர்ந்தவள். படித்துவிட்டு வந்து சேர்ந்த வேலையும் கிட்டத்தட்டக் கதவு வேலைதான். விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடி ராக்கெட்டுக்குள் அடங்காது. இரண்டு ஓரங்களையும் மடக்கி அனுப்பி, மேலே போனதும் விரிக்க வேண்டும். விரிக்கும் கீல் யோலண்டா, எங்களுக்கு யோலி, வடிவமைத்தது. அங்கே சிக்கிக்கொண்டால் போய்ச் சரிசெய்ய ஆள் கிடையாது. அத்தனை பேர் உழைப்பும் குப்பை.

கடைசிச் சோதனை வந்தது. மேலே கண்ணாடிக்கு எடை இருக்காது, இங்கே இருக்கும். அதனால் மடிந்த ஓரத்தைக் கூரைத் தண்டவாளத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, கீலின் மோட்டாரால் விரிப்போம். அன்று வழுக்கிக்கொண்டு விரிந்தது, தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுந்தது. ஒரே கைதட்டல். தூசி புகாத சோதனை அறையிலிருந்து முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே வந்து டோனட் பெட்டியைத் திறந்தாயிற்று.

பிறகு கண்ணாடியை அனுப்ப, வழக்கப்படி மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராக “போகலாம்” சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் எல்லாம் நிற்கும். யோலியின் முறை வந்தது.

“போகக் கூடாது.”

தலைமைப் பொறியாளன் க்ரெய்க் லிண்ட்க்விஸ்ட் வாயில் டோனட்டோடு அப்படியே நின்றான். “ஏய், அது உன் கீல்தானே? உனக்கு நீயே ஆப்பு வெச்சுக்கிறியா?”

“என் கீலுங்கறதாலதான் சொல்றேன். கடைசி ஒரு சாண்ல தாழ்ப்பாள் ஸ்பிரிங்கை அமுக்கணும், மோட்டார் திணறணும். திணறவே இல்லயே! தண்டவாளம் சரிஞ்சிருக்கு. கயிறு இழுத்து விட்டிருக்கு.”

“பாஸாயிடுச்சு யோலி! ஏத்திட்டுப் போக லாரிக்குச் சொல்லியாச்சு.”

“கராஜ் கதவை ஸ்பிரிங்தான் தூக்குது. தூக்கறவன் தன் பலம்னு நெனச்சுக்குவான். மேல கயிறு பிடிக்க யாரு நிப்பா, உன் மாமனாரா?”

சிரிப்பு வந்துவிடுமே என்று நான் காபிக் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டேன்.

“உன் இடத்துல வேற ஆளைப் போட எனக்கு ரொம்ப நேரம் ஆகாது” என்றான் க்ரெய்க்.

“போடேன். என் கீலைப் பத்தி அந்த ஆளு என்ன சொல்றார்னு நானும் இங்கயே உக்காந்து கேக்கறேன்.” நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் மறுபடி முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போய்த் தண்டவாளத்தை மட்டம் பார்த்தார்கள். சரிவு இருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி விரித்தார்கள். மோட்டார் முனகியது, திணறியது, தாழ்ப்பாளுக்கு இரண்டு விரல் இருக்கும்போது நின்றேவிட்டது.

“இப்ப சந்தோஷமா? உன் கீல் தோத்துடுச்சு” என்றான் க்ரெய்க்.

முகமூடிக்கு மேலே அவள் கண் கலங்கியிருந்தது. எத்தனை வருட வேலை! ஆனாலும் திமிர் குறைந்தால்தானே? கையுறை போட்ட விரலை நீட்டி, நின்றுபோன கீலைத் தொட்டாள்.

“இங்கதானே தோத்துச்சு? இங்க என் கை எட்டும்.”