முனியாண்டி நின்ற இடம்

எங்கள் தோட்டத்தில் முன்னால் வாளி பூட்டிய டிரக்டர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை ஓட்டுகிறவன் யோகேஸ்வரன். அக்கரப்பத்தனைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்திலிருந்து இன்னும் ஏற வேண்டிய தோட்டம். நான் அங்கே கொழுந்து லொறி ஓட்டுகிறேன். லொறியும் டிரக்டரும் ஒரே கொட்டகையில் நிற்பதால் அவனும் நானும் பல வருடமாகச் சேர்ந்து தேத்தண்ணி குடிக்கிறவர்கள். இந்தக் கதையை நான் சொன்னால்தான் உண்டு. அவன் வாயைத் திறக்க மாட்டான்.

தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபோது அவன் சின்னப் பையன். அக்கா வேலாயிதான் கொழுந்து பறித்து அவனை வளர்த்தாள். வளர்ந்ததும் நுவரெலியாப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டம் ஒன்றில் வேலைக்குப் போய், அங்கே டிரக்டர் பழகி, லைசென்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். அதற்குள் வேலாயியின் புருஷன் கொழும்புக்குப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். அவளும் மகள் நிஷாந்தியும் லயத்து வரிசை வீடுகளில் ஒற்றைக் காம்பராவில் இருந்தார்கள். தம்பி அடுத்த லயத்தில். கல்யாணம் கட்டவில்லை. கேட்டால், "நிஷாந்திக்கு ஒண்ணு முடியட்டும்ண்ணே" என்பான். அந்தப் பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது! நல்ல ஆள்தான் போ என்று நாங்கள் கேலி பண்ணுவோம்.

நிஷாந்தி பெரிய மனுஷியானபோது தாய்மாமன் சீரை எப்படிக் கொண்டுவந்தான் தெரியுமா? டிரக்டர் வாளியைக் கழுவி, உள்ளே பழைய சேலை விரித்து, பலூன் கட்டி, சீர்த் தட்டுகளை அதில் அடுக்கி, தோட்டத்துப் பாதை முழுக்க ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தான். தோட்டத்தை மேற்பார்க்கிற சின்னத்துரை பார்த்தால் வேலை போயிருக்கும். தட்டுகளில் ஒன்று கனமான எவர்சில்வர். அட்டன் கடையில் 'நிஷாந்தி' என்று பேர் வெட்டி வாங்கியது. அதன்பிறகு அவள் அந்தத் தட்டில்தான் சாப்பிடுவாள். வேறு தட்டில் போட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அவனுடைய வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், பின்னால் அது தேவைப்படும். வாளியைத் தூக்கி இறக்கும் லீவரை முன்பக்கம் கடைசிவரை தள்ளினால் டக்கென்று விழுந்து அங்கேயே நின்றுகொள்ளும். ப்ளோட் என்பார்கள். அதற்குப் பிறகு மெஷின் வாளியை அமுக்கவும் செய்யாது, தூக்கவும் செய்யாது. வாளி தன் பாரத்தில் தரைமேல் கிடக்கும். மேடு வந்தால் தானாக ஏறும், பள்ளம் வந்தால் தானாக இறங்கும். அப்படியே டிரக்டரைப் பின்னுக்கு எடுத்தால் மண் மெழுகினாற்போல வரும். மற்ற டிரைவர்கள் பொறுமை இல்லாமல் வாளியை அமுக்கி இழுத்து, பாதையைக் கீறி வைப்பார்கள். யோகேஸ்வரன் லீவரைத் தள்ளிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வான். "தரைக்கு என்ன வேணும்னு அதுக்கே தெரியும்ண்ணே. நம்ம கை அங்க இருக்கப்படாது" என்பான்.

பிறகு அந்தப் புயல் மழை வந்தது. நாள் கணக்கில் விடாமல் கொட்டியது. ஒரு காலையில் கொஞ்சம் ஓய்ந்ததும் கங்காணி ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்குக் கூப்பிட்டார். எல்லோரும் பெரட்டுக் களத்துக்குப் போனார்கள். வேலாயியும் போனாள். நிஷாந்திக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்து, கம்பளி போர்த்திப் படுக்க வைத்துவிட்டுத்தான் போனாள். கொஞ்ச நேரத்தில், லொறி லொறியாகக் கருங்கல்லைக் கொட்டுவது போல மேலே ஒரு சத்தம் கேட்டது. நாங்கள் ஓடிவந்து பார்த்தபோது லயம் இல்லை. பாதை இல்லை. தேயிலை நிரை இல்லை. எங்கே பார்த்தாலும் செம்மண் சேறும் பனிமூட்டமும்தான். அந்த நேரத்தில் லயத்துக்குள் இருந்தது நிஷாந்தி ஒருத்திதான்.

அந்தச் சேற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் நின்றது. வேலாயி வீட்டு வாசலுக்கு நேர் எதிரே நின்ற சவுக்கு மரம். அதன் அடியில்தான் எங்கள் முனியாண்டி. கல்லும் சூலமும் அப்படியே இருந்தன. பூசாரி மூக்கன் சேற்றில் விழுந்து கும்பிட்டார்.

"பாத்தீங்களா! மலையே வந்து விழுந்தும் ஐயா அசையலையே! பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது!"

எல்லோரும் அழுதுகொண்டே கையெடுத்தோம். நானும்தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மரத்துக்கு எதிரே வாசல், வாசலுக்குப் பின்னால் காம்பரா. வேலாயியே மரத்தடியில் நின்று கையை நீட்டிக் காட்டினாள். "இந்தா, இங்கனதான் எங்க வாசப்படி." ராணுவம் வந்தது, மண் தோண்டும் பெக்கோ மெஷின் வந்தது, வந்தவர்களும் அந்த மரத்திலிருந்துதான் அளந்தார்கள். தோண்டினால் கூரைத் தகரம் வந்தது, யாருடையதோ குடம் வந்தது. இடம் சரிதான் என்று இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காது. பிள்ளை மட்டும் கிடைக்கவில்லை.

மேலே மலையில் புதிதாக வெடிப்பு கண்டதும் தேடுவதை நிறுத்தச் சொன்னார்கள். ஒரு பிள்ளைக்காக இத்தனை பேரைப் பலி கொடுக்க முடியாது என்றார் ஒரு அதிகாரி. நியாயமான பேச்சுதான். அதற்கு அடுத்த கிழமையே, வெடிப்பு அப்படியே இருக்க, அங்கே நினைவுக்கல் நட்டு மலர் வைக்கப் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று சேதி வந்ததே, அப்போது எங்கே போனது அந்த நியாயம்? கதிரை போட வேண்டும், வாகனம் நிற்க வேண்டும், வருகிறவர்கள் கால் சேற்றில் புதையக் கூடாது. மண்ணைச் சமப்படுத்த வேண்டும். சின்னத்துரை யோகேஸ்வரனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அவன் மாட்டேன் என்று சாவியை வீசிவிட்டுப் போவான் என்றுதான் நினைத்தேன். அவனோ டிரக்டரை எடுத்தான். வேலாயி தினமும் நிஷாந்திக்காக ஒரு கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். டிரக்டர் வருவதைப் பார்த்ததும் எழுந்து குறுக்கே நின்றாள்.

"நீயாடா மூட வந்த? மாமங்காரன் நீயாடா?"

அவன் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் மாட்டேன்னா வெளியிலருந்து ஆள் கொண்டாருவாங்கக்கா. அவன் வாளிய அமுக்கி இழுப்பான். நான்னா அவ மேல பாரம் வைக்காம போவேன்."

அவள் வழிவிட்டாள்.

லீவரைத் தள்ளி ப்ளோட்டில் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னுக்கு ஊர்ந்து ஊர்ந்து அந்தச் சேற்றை முழுக்க அவன் தடவிக் கொடுத்தான். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. சாயங்காலம் தரை சீராகிவிட்டது. மறுநாள் காலையில் போனால், மரத்துக்கு வெகு தூரம் மேலே, ஒரு இடத்தில் மண் சட்டிபோல உள்வாங்கி இருந்தது. அங்கே பழைய தேயிலை மலைதான் இருந்தது என்பது எல்லோருடைய கணக்கு. மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும், மூடு என்றார் சின்னத்துரை. இரவு மழையே இல்லை. அவன் மூடிச் சமப்படுத்தினான். மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் பள்ளம்.

கொட்டகைக்கு வந்து என் லொறிப் பக்கம் நின்றான்.

"அண்ணே, வாளி ஒரே எடத்துல உள்ள எறங்குது. அமுக்குனா இது தெரிஞ்சே இருக்காது. மண்ணு அடிக்குள்ள எங்கயோ விழுதுண்ணே. கீழ வெத்தெடம் இருக்கு."

இரண்டு பேரும் மம்பட்டி எடுத்துக்கொண்டு போனோம். இடுப்பளவு தோண்டியதும் அவன் மம்பட்டி எதிலோ பட்டு எகிறியது. கல் இல்லை. ரப்பர். சுற்றி மண்ணை எடுத்தால், டிரக்டரின் பழைய பின் டயர். காற்றில் தகரம் பறக்காமல் இருக்க அக்கா வீட்டுக் கூரைமேல், அதே லோடர் வாளியில் வைத்து, அவனே ஏற்றிப் போட்ட டயர். டயருக்கு அடியில் தகரம் வளைந்து உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் டயரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். தலையைத் திருப்பிக் கீழே தூரத்தில் நின்ற மரத்தைப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. லயம் இருந்த இடத்திலேயே புதைந்து கிடக்கிறது. மரம்தான் அடிமண்ணோடு, கல்லோடு, சூலத்தோடு, ஓரத்துக் காம்பராக்களின் தகரத்தையும் இழுத்துக்கொண்டு, நின்ற வாக்கிலேயே வழுக்கிக் கீழே போயிருக்கிறது.

"முனியாண்டி எறங்கிப் போயிருக்காருண்ணே" என்றான். "நாம அவரு பின்னாடியே போயிட்டோம்."

சின்னத்துரை ஓடிவந்து கத்தினார். நாளைக்கு விழா, இன்றைக்குக் குழி தோண்டுகிறாயா, வேலை வேண்டுமா வேண்டாமா என்றெல்லாம் கேட்டார். யோகேஸ்வரன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. டிரக்டரில் ஏறினான். ப்ளோட்டிலிருந்து லீவரைப் பின்னுக்கு இழுத்தான். கையை அதிலேயே வைத்துக்கொண்டு, வாளியை அமுக்கி, கூரையின் ஓரமாக மண்ணை வெட்டி வெட்டி எடுத்தான். சத்தம் கேட்டு லயத்து ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மூக்கனும் வந்தார். குழியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், யாருடைய முகத்தையும் பார்க்காமல் ஒரு மம்பட்டியை வாங்கித் தோண்ட ஆரம்பித்தார். வேலாயியைப் பெண்கள் தூரத்தில் பிடித்து வைத்திருந்தார்கள்.

தகரத்தை விலக்கியபோது இரண்டு பேர் இறங்கத்தான் இடம் இருந்தது. அவனும் நானும் இறங்கினோம். உத்திரம் ஒன்று அலுமாரிமேல் சாய்ந்து விழுந்து, மூலையில் ஒரு பெட்டி அளவுக்கு இடம் விட்டிருந்தது. அந்த மூலையில் நிஷாந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பளி தோளைச் சுற்றி இருந்தது. கையில் சீர்த் தட்டு.

தட்டின் விளிம்பு ஒரு பக்கம் முழுக்க நசுங்கி மடங்கியிருந்தது. அவள் கைக்கு எட்டும் இடத்தில் சுவரில் பூச்சு பெயர்ந்து, செங்கல் தெரிந்தது.

எவ்வளவு நேரம் தட்டினாளோ, எத்தனை நாளோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம். நாங்கள் கீழே மரத்தடியில் மெஷினை உறும விட்டுக்கொண்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இருந்தோம். பாவிகள், ஒரு நிமிடமாவது அந்த மெஷினை நிறுத்திக் காது கொடுத்தோமா?

யோகேஸ்வரன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் தட்டை எடுத்து, தன் சேட்டுக்குள் செருகிக்கொண்டான். சேற்றை அள்ளிச் சுவரில் அந்த இடத்தில் பூசினான்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் பாக்கல."

"பாக்கலடா" என்றேன்.

மேலே கொண்டுவந்ததும் வேலாயி தான் வைத்திருந்த கம்பளியை மகள் மேல் போர்த்தினாள். அவள் கேட்ட முதல் கேள்வி தம்பியைப் பார்த்துத்தான்.

"கத்தியிருப்பாளாடா? அம்மான்னு கூப்பிட்டிருப்பாளா?"

"இல்லக்கா. படுத்தவ படுத்தபடியே இருந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"மாத்திர குடுத்துட்டுத்தானே போனேன்" என்றாள் வேலாயி. "அந்த மாத்திரைக்கு நல்லாத் தூங்குவா." அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விழாவைச் சில நாள் தள்ளி நடத்தினார்கள். வெளியிலிருந்து வந்த மெஷின் சமப்படுத்தியது. பேச்செல்லாம் நன்றாக இருந்ததாம். நாங்கள் போகவில்லை. மரம் இன்னும் அங்கேதான் நிற்கிறது, வெள்ளிக்கிழமை சூடமும் எரிகிறது. ஐயா அசையவில்லை என்று மட்டும் மூக்கன் இப்போது சொல்வதில்லை.

யோகேஸ்வரன் வேலைக்கு வருகிறான். லீவரைக் கடைசிவரை தள்ளுவதை விட்டுவிட்டான். வாளி தானாக இறங்குவதை அவனால் தாங்க முடியவில்லை. அவன் போட்ட பாதையும் இப்போது கீறலாகத்தான் இருக்கிறது, அதற்கும் ஏச்சு வாங்குகிறான். நடுவேலையில் திடீரென்று எஞ்சினை அணைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறான் என்று புதுப் பையன்கள் சிரிக்கிறார்கள், டீசல் வண்டி என்றுகூடத் தெரியாத பயல்கள். எனக்கு அவன் எதைக் கேட்கிறான் என்று தெரியும்.

போன மாதம் வேலாயி கொட்டகைக்குச் சோறு கொண்டுவந்தாள். "எல்லாம் கெடச்சிது, நீ குடுத்த சீர்த்தட்டு மட்டும் கெடைக்கலையேடா தம்பி. அவ பேரு போட்டது அது ஒண்ணுதான்" என்றாள். "மண்ணோட போயிருச்சிக்கா" என்று சொல்லிவிட்டு அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். தட்டு அவனுடைய டிரக்டர் சீட்டுக்கு அடியில், துணியில் சுற்றி இருக்கிறது. ஸ்பேனர் எடுக்கப் போனபோது நான் பார்த்தேன்.

இதையெல்லாம் எழுதி வைக்கிறாயே, வேலாயி கண்ணில் பட்டால் என்ன செய்வாய் என்று என் மனைவி பயப்படுகிறாள். பட்டாலும் ஒன்றும் ஆகாது. வேலாயிக்கு எழுத்துத் தெரியாது. கடிதமோ பேப்பரோ வந்தால் அவளுக்கு நிஷாந்திதான் வாசித்துக் காட்டுவாள்.