மீன் கண்ணுல என் கம்ரா

...அத ஏன் கேக்குற ஏத்தா, எங்கக்கா மூஞ்சிய நீ பாத்திருக்கணும்! போட்டோவ இப்படித் திருப்புறா, அப்படித் திருப்புறா, கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு மறுபடியும் பாக்குறா. உள்ள வா, வாசல்லயே நிக்காத. அந்த முறத்தத் தள்ளிட்டு உக்காரு. மொதல்லேருந்து சொன்னாத்தான் ஒனக்கு வெளங்கும்.

ஃபெர்ரி ஏறிப் போற பாம்பூஃப்ளாட்டு ஊருல இருக்காளே, எனக்கு நேர் மூத்தவ, அவதான். பெரிய வீடு, வாசல்ல நாலு பாக்கு மரம், பிள்ளைக ரெண்டும் கடல் தாண்டி மெயின்லேண்டுல. இவ ஒத்தையா இருக்கா. நாங்க இந்த பத்துபஸ்திக்கு மாறி வந்தப்ப அவளுக்கு முட்டி வலி, வந்து பாக்க முடியல. என் பேத்தி சும்மா இருக்காம, என் கம்ராவ, அதான் நான் படுக்குற ரூம்ப, அவ கேமராவுல ஒரு படம் புடிச்சு பெரியவ போனுக்கு அனுப்பிட்டா. அதுல என்ன தெரிஞ்சுச்சு? கட்டில்ல பாதி, பீரோவுல பாதி, நடுவுல செவுரு. அம்புட்டுத்தான்.

ஒடனே போனு வந்துருச்சு. "ஏன்டி, இது கம்ராவா, பொட்டியா? நாம கப்பல்ல அடுக்குப் படுக்கையில வந்தோமே, பங்க் கிளாசு, அதுகூட இதவிட விசாலமா இருந்துச்சு! ஒம் மகன் ஒன்னய அடைச்சுல்ல வச்சிருக்கான்!"

"இல்லக்கா, போட்டோவுல அப்படித் தெரியுது."

"போட்டோ பொய் சொல்லுமாடி? பேசாம துணிமணியக் கட்டு. ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்புறேன். இங்க வந்து என்னோட இரு. எனக்கும் பேச்சுத் தொணை."

அக்கா தங்கமானவதான், நான் இல்லேங்கல. ஆனா அவ வீட்டுல எட்டு மணிக்கு மேல வெளக்கு எரியக் கூடாது, கொழம்புல பூண்டு கூடாது, குளிச்சாத்தான் காப்பி. இங்க நான் காலைல எந்திரிச்சதும் ஒன் வீட்டு வாசல்ல வந்து நின்னு ரெண்டு வார்த்தை பேசுனாத்தான் எனக்குப் பொழுது விடியும். இதையெல்லாம் விட்டுப்புட்டு எங்க போறது? ஆனா அவகிட்ட வரமாட்டேன்னு நேராச் சொல்ல நமக்கு நாக்கு எழாது. சின்ன வயசுலேருந்து அவ சொல்றதுதான், நான் கேக்குறதுதான்.

பேத்திகிட்ட அழுதேன். அவ டூர் ஆபீசுல வேல பாக்குறாள்ல, பீச்சு, போட்டு, வெள்ளக்காரன்னு நாளெல்லாம் படம் புடிக்கிறவ. "இதுக்கா அப்பத்தா அழுவுற? கேமராவுக்குக் கண்ணு பத்தல. பெரிய கண்ணு ஒண்ணு வாங்கிப் போட்டா முழு கம்ராவும் ஒரே படத்துல வந்துரும்"னுட்டு, போன்ல என்னத்தையோ தட்டுனா. வேல முடிஞ்சுபோச்சாம்.

ஒரு வாரம் போச்சு. ஆபீசுலேருந்து போன் பண்றா: "அப்பத்தா, இன்னைக்கு ஃபிஷ் ஐ வருது. வாங்கிப் பத்திரமா வை." எங் காதுல விழுந்தது ஃபிஷ் ஐசு! எனக்கு ஒண்ணும் ஓடல. சுத்தி நாலு பக்கமும் கடலு, வாசல்ல சைக்கிள்ல மீனு வருது, இவ எதுக்கு மெயின்லேண்டுலேருந்து ஐசுல போட்ட மீன வாங்குறா? அங்கனக்குள்ள மீனு என்ன தங்கமா?

பார்சல்காரப் பையன் வந்தான், அதான் அந்த பெங்காலி. "மாஜி, பார்சல் ஹை." உள்ள மீனான்னு கேட்டேன், "பேட்டா, இஸ்மே மச்லி ஹை?" அவன் அட்டையப் பாத்தான், இங்கிலீசு எழுத்தப் படிச்சான், தலைய ஆட்டுனான்: "ஹா மாஜி, ஃபிஷ் லிக்கா ஹை." எழுதியிருக்குன்னு அவனே சொல்லிட்டானா, அப்புறம் எனக்கென்ன சந்தேகம்? கனமா வேற இருந்துச்சு, ஒரு படிக்கல்லு கனம். வேக வேகமாக் கொண்டாந்து ஃப்ரீசர்ல, ஐசு தட்டுக்குப் பக்கத்துல வச்சு மூடிட்டேன். மருமக வந்து, "என்ன அத்தை அது?"ங்கிறா. "ஒம் மக மீன் வாங்கியிருக்கா தாயி, மசாலா அரைச்சு வை"ன்னேன். அவளும் அரைச்சுட்டா!

இரு, ப்ளேன் எறங்குது. அது போகட்டும். ...ம், போயிருச்சு.

சாயங்காலம் பேத்தி வந்தா. "எங்க அப்பத்தா லென்சு?" "என்ன லென்சு? மீனுதான் வந்துச்சு, ஃப்ரீசர்ல இருக்கு." ஐயோன்னு ஓடுனா. அட்டையப் பிரிச்சா, உள்ள இருந்து கறுப்பா ஒரு குண்டு, ஒரு பக்கம் கண்ணாடி உப்பிக்கிட்டு நிக்குது. கையில எடுத்த ஒடனே நம்ம ஊர் வெக்க பட்டுச்சா, அது முழுக்க வேர்த்துக் கொட்டுது, வெள்ளையாப் பூத்துப் போச்சு. அம்மாவும் மகளும் சிரிச்ச சிரிப்பு ஒன் வீட்டுக்குக் கேட்டிருக்கும். மசாலா என்னாச்சுங்கிறியா? சைக்கிள்காரங்கிட்ட சூரை வாங்கிப் பொரிச்சோம், வீணாகல.

அந்தக் குண்ட ஒரு துணியில சுத்தி ரெண்டு நாள் அரிசி டிரம்முக்குள்ள வச்சா. ஈரத்த அரிசி இழுத்துக்கிருமாம். வெளிய எடுத்தா, அம்மாடி! நான் மீன் வாங்குறப்ப எதப் பாப்பேன்? கண்ணத்தான. கலங்காம, உப்பலா, நம்ம மூஞ்சி தெரியிற மாதிரி இருந்தாத்தான் கூடைய இறக்கச் சொல்லுவேன். அப்படி இருந்துச்சு ஏத்தா! காலைல புடிச்ச மீனுதான். ஃபிஷ் ஐன்னா மீன் கண்ணாம், பேரு வச்சவன் தெரிஞ்சுதான் வச்சிருக்கான்.

பாட்டில் மூடியத் திருகுற மாதிரி அத கேமரா மூக்குல திருகுனா. ரொம்ப வெல ஒசந்ததெல்லாம் இல்லியாம், சும்மா வெளையாட்டுச் சாமான் கணக்காம். மொதல்ல பாத்தா சுத்தி ஒரே கறுப்பு, ஏதோ குழாய்க்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி. ஒரு பொத்தான அமுக்கிக் கொஞ்சம் முன்னால இழுத்தா, கறுப்பு ஓடிப்போச்சு. ஓரத்துல மட்டும் கொழகொழன்னு தெரியுது. என் மூஞ்சிக்குக் கிட்டக்கக் கொண்டாந்து ஒண்ணு எடுத்தா பாரு, மூக்கு பலாப்பழமாட்டம் முன்னால வருது, காது ரெண்டும் எங்கயோ போய் ஒட்டிக்கிட்டு நிக்குது! அத நான் அழிக்க விடல. அம்புட்டு சிரிப்பா இருந்துச்சு.

கம்ராவ நாந்தான் எடுப்பேன்னு நின்னுட்டேன். என் கம்ராதான? மூலையில ஸ்டூலு போட்டு ஏறுனேன். "விழுந்துறாத அப்பத்தா"ன்னு பேத்தி கீழ உக்காந்து ஸ்டூலப் புடிச்சுக்கிட்டா. அந்நேரம் பாத்து மருமக காப்பி கொண்டாந்தா. "தள்ளு தாயி, படத்துல விழுவ"ன்னேன். அவளும் செவுத்தோட ஒட்டி ஒதுங்கி நின்னா. அமுக்கிட்டேன்.

அடடா, என்ன கம்ரா! கட்டிலு ஒரு மூலைல, பீரோ ஒரு மூலைல, நடுவுல கல்யாணமே நடத்தலாம், அம்புட்டு எடம். ஸ்டூடியோவுல குடுத்துப் பெருசாப் போட்டு வாங்கிக்கிட்டு, சனிக்கிழமை நானும் பேத்தியும் சாத்தாம் துறைக்குப் போயி அக்கா வீட்டுக்கு ஃபெர்ரி ஏறிட்டோம். அவ வண்டி அனுப்புறதுக்குள்ள நாம முந்திக்கணும்ல.

அப்பத்தான் அக்கா அப்படித் திருப்பித் திருப்பிப் பாத்தது. நான் நெஞ்ச நிமுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். "பாத்தியாக்கா, எம்புட்டுப் பெரிய கம்ரா!"

"ஏன்டி, செவுரு ஏன் வளைஞ்சு நிக்குது?"

"எங்க?"

"இந்தா, கதவப் பாரு, வில்லாட்டம். பூகம்பத்துல விட்டுப்போன கட்டடமாடி இது? ஐயோ, எப்ப விழுமோ! இன்னைக்கே கிளம்பு, நாளைக்கு வேணாம்!"

பேத்தி வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "இல்ல பெரியப்பத்தா, செவுரு நேராத்தான் இருக்கு, இந்த லென்சு அப்படித்தான் காட்டும். சின்னதப் பெருசாக் காட்டும், நேரா இருக்கிறத வளைச்சுக் காட்டும்"னுட்டா. போச்சா!

அக்கா என்னயப் பாத்தா. "அப்ப கம்ரா பெருசில்ல."

"இல்லக்கா. சின்னதுதான்."

"என்னய ஏமாத்த ஃபெர்ரி ஏறி வந்தியாக்கும்."

நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். நாளைக்கு இந்நேரம் பூண்டு இல்லாத கொழம்புதான்னு நெனச்சுக்கிட்டேன். அவ படத்த விடல. விரல ஓரத்துல வச்சா. "இது யாரு, வாழப்பழமாட்டம் வளைஞ்சு நிக்கிறவ?"

"மருமகக்கா. எனக்குக் காப்பி கொண்டாந்தா. படத்துல விழாதன்னு ஒதுக்கி நிறுத்துனேன், இந்தக் கண்ணு அவளையும் சேத்து இழுத்துப் போட்டிருக்கு."

"கீழ ஏதோ கறுப்பாத் தெரியுதே, பூனையா?"

"எந் தல பெரியப்பத்தா!"ங்கிறா பேத்தி. "ஸ்டூலு ஆடுச்சு, புடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அக்கா அந்த ஓரத்தையே பாத்துக்கிட்டு இருந்தா, கட்டிலயும் பீரோவையும் பாக்கவே இல்ல. அவ ஹாலு எம்புட்டுப் பெருசு தெரியுமா, நாம பேசுறது திரும்ப நமக்கே கேக்கும். அப்புறம் போட்டோவ மடியில வச்சுக்கிட்டு, "போன வாரம் பல்பு மாத்த ஸ்டூல்ல ஏறுனேன்டி. எறங்க பயந்துக்கிட்டு அரை மணி நேரம் மேலயே நின்னேன்"னா.

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவளே, "நீ வர வேணாம் போ. நான் வாரேன். அந்தப் பொட்டிக்குள்ள ரெண்டு பேரு படுக்க எடம் இருக்கா?"ன்னு கேட்டா.

"கட்டிலு ஒனக்கு, பாயி எனக்கு. வாக்கா."

"பூண்டு போட்டா சாப்புட மாட்டேன், பாத்துக்க."

"ஒனக்குத் தனியாக் கொழம்பு வைக்கச் சொல்றேன்"னேன். அப்பவும் மொறைக்கிறா!

நாளைக்குக் காலைல மொத ஃபெர்ரியில வாரா. முட்டி தாங்குற வரைக்கும் இருப்பாளாம். நீ வந்து எட்டிப் பாரு, ஆனா அவகிட்ட அந்த பங்க் கிளாசு கதைய மட்டும் கேட்டுறாத, ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. நாம மூணு பேருமா உக்காந்து அந்தக் கண்ணுல ஒரு படம்... ஐயோ, மழத் தூத்தலு! அவளுக்குன்னு மெத்தைய மாடியில காயப் போட்டிருக்கேன்டி! எந்திரி எந்திரி, நீ ஒரு பக்கம் புடி, நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்.