நண்டுகளுக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

கடலைப் பற்றிப் பேசிப் பேசியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கிழக்குக் கடற்கரையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனம் நடத்தும் கடல் கல்வி மையத்தில் எனக்கு வேலை. கரையோரப் பள்ளிகளுக்கெல்லாம் இளையவர்கள் போய்விடுவார்கள். அரியலூர், பெரம்பலூர் என்றால் மட்டும் என் தலையில் கட்டிவிடுவார்கள். கேட்டால், "உங்க ஊருதானே மேடம்" என்பார்கள். எனக்கு உடையார்பாளையம் பக்கம் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே உளறிவைத்தது என் வாய்க்கொழுப்பு.

அன்றும் விடிவதற்குள் கிளம்பினோம். வேனில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறையக் கடல்தண்ணீர், காற்றுக்குமிழி விடும் சின்ன மோட்டார். உள்ளே இரண்டு நட்சத்திர மீன்கள், காலிச் சங்குகளில் குடியிருக்கும் நண்டுகள் ஏழெட்டு. எல்லாம் மீனவர் வலையில் வேண்டாததாக ஏறி வந்தவை. பிள்ளைகளிடம் காட்டிவிட்டு உயிரோடு கடலில் கொண்டுபோய் விடவேண்டும். போன தடவை வெயிலில் இரண்டு செத்துவிட்டன. "இன்னொரு தடவை செத்தா அந்தப் பக்கம் போறதையே நிறுத்திடலாம். போஸ்டர் அனுப்பினாப் போதும்" என்று இயக்குநர் சொல்லியிருந்தார். நிறுத்தினால் தேவலை என்று என் முழங்கால்கள் அப்போதே முடிவு செய்துவிட்டன.

செந்துறை போகும் வழியில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. வாசலில் சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். காலை வகுப்பில், ஓடையில் பிள்ளைகள் பொறுக்கி வந்த, பழங்காலக் கடலுயிர் ஒன்று கல்லாகிப்போன சுருளை ஒரு கையிலும் நண்டுச் சங்கை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, இந்த மண் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்று நூறாவது முறையாக வியந்து காட்டினேன். பிள்ளைகள் நிஜமாகவே வியந்தார்கள். எனக்குப் பசித்தது.

தொட்டியைச் சமையலறை வராந்தா நிழலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிட்ட பிறகு ஒரு நாற்காலியில் அசந்தும்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், நட்சத்திர மீன்கள் ஊறின துணி மாதிரி தொய்ந்து கிடந்தன. நண்டுகள் சங்குக்கு வெளியே பாதி தொங்கின. விரலால் தொட்டேன், ஒன்றும் அசையவில்லை.

சத்துணவு சமைக்கும் அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி சிரித்த முகமாக வந்தார்.

"வாயில வச்சுப் பாத்தேங்க, ஒரே உப்பு. நம்ம போர் தண்ணிய விட மோசம். வாயில்லா ஜீவன் பாவம்னு அதக் கீழ ஊத்திட்டு நல்ல தண்ணி மாத்திட்டேங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒங்கள யாருங்க தொடச் சொன்னது? அதுங்களுக்கு அந்த உப்புத்தண்ணிதான் உசுரு. அத்தனையையும் கொன்னுட்டீங்களே!" பிள்ளைகள் முன்னாலேயே கத்தினேன்.

"உப்புத்தண்ணியில எதுவும் பொழைக்கும்னு தெரியாதுங்களே" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்படிக்குள் போய்விட்டார்.

கோபத்துக்கு அடியில் எனக்கு ஒரு நிம்மதி. சமையல்காரர் தண்ணீரை மாற்றியதால் இறந்தன என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும், இனி இந்தப் புழுதியில் அலைய வேண்டாம். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தலைமை ஆசிரியர் பின்னாலேயே வந்து, "மேடம், அந்தம்மாவ மட்டும் மாட்டிவிட்டுராதீங்க" என்றார். நான் குனிந்து தொட்டி மோட்டாரை நிறுத்தினேன்.

பிற்பகல் இடைவேளையில் பிள்ளைகள் வராந்தாவில் இருந்த குடிதண்ணீர்க் குடங்களை எட்டிப் பார்த்துவிட்டு போர் குழாய்க்குப் போனார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள்.

"குடிக்கிற தண்ணி இல்லையாம்மா?" என்று ஒரு சிறுமியிடம் கேட்டேன்.

"ஆயா நண்டுக்கு ஊத்திட்டாங்க மிஸ். நாங்கதான் ஊத்தச் சொன்னோம். நாளைக்குத்தான் நல்ல தண்ணி வரும்."

அவள் குரலில் குறை ஏதும் இல்லை. நண்டு செத்ததுதான் அவளுக்கு வருத்தம். கல்லான கடலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய நான், இவை உப்புத்தண்ணீரில்தான் பிழைக்கும் என்ற ஒன்றைச் சொல்லவே இல்லை. கடற்கரையில் யாரும் அதைக் கேட்டதில்லை.

அடுப்படிக்குப் போனேன். அந்த அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "தப்பு என் மேலதாங்க. சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்றேன்.

அவர் நிமிராமலே சொன்னார்: "அடுத்த தடவ கொண்டாரப்ப சொல்லிட்டுப் போங்க. யாரும் தொடாம நானே பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கறேன்."

திரும்பும் வழியில் வேனிலேயே அறிக்கைப் படிவத்தை எடுத்தேன். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் என் கவனக்குறைவு என்று எழுதினேன். பயணத்தைத் தொடரலாமா என்ற கேள்விக்கு நேராகப் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலித்தது. தொடர வேண்டும் என்று எழுதினேன். அடுத்த முறைக்குத் தேவையானவை என்ற இடத்தில், கடல்தண்ணீருக்கு முன்னால், குடிதண்ணீர் மூன்று கேன் என்று எழுதினேன்.