ஏனுங்க, யாரூட்டுக்குங்க?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் தெருவுக்கு ஒரு பாதுகாப்புக் குழு அமைந்தது. அந்தக் குழு விசாரித்த முதல் சந்தேக நபர் என் கணவர்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கணவருக்கு மோட்டார் வைண்டிங் பட்டறையில் வேலை. ஒரு நாள் சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது தெருமுனையில் நின்றவர்கள், "ஏனுங்க, யாரூட்டுக்குங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க வீட்டுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு இவர் நடந்திருக்கிறார். பதிலில் மரியாதைக்கு ஒரு 'ங்க' கூட இல்லையே! வீட்டு வாசல் வரை பின்னாலேயே வந்து, நான் கதவைத் திறந்து சிரித்த பிறகுதான் நம்பினார்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆளாளுக்கு ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்து அப்போதே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

குழு தேவைப்பட்டது உண்மைதான். ஒரு வீட்டில் பித்தளைக் குழாயைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இன்னொரு வீட்டில் கேஸ் சிலிண்டர் காணாமல் போனது. போலீசிலிருந்து ஒருவர் வந்து பிள்ளையார் கோயில் முன்னால் நின்று பேசினார். தெரியாத ஆள் யார் வந்தாலும் நிறுத்திக் கேளுங்கள், கேட்டாலே திருடன் பாதி ஓடிவிடுவான் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

நிறுத்திக் கேட்பது சரி, எப்படிக் கேட்பது என்பதில்தான் சிக்கல். குழுவின் தலைவர் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர். ஆறடி உயரம், மீசை வேறு. ஆனால் வேலிக்குள் புகுந்த ஆட்டைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார். 'யார் நீ' என்று கேட்பது அவருக்கு ஒத்துவரவில்லை. 'யாருங்க நீங்க' என்பதும் கொஞ்சம் முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது என்றார்கள். வந்தவர் யாருடைய சம்பந்தியோ, பங்காளியோ? கடைசியில் 'யாரூட்டுக்குங்க' என்று முடிவானது. தெருமுனையில் வைக்க வேண்டிய பலகைக்கும் இதே பாடுதான். 'அந்நியர் நுழையக் கூடாது' என்று எழுதினால் விருந்தாளி மனம் புண்படும். ஆகவே, 'வாருங்கள். யார் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுச் செல்லுங்கள்' என்று எழுதிவைத்தார்கள். திருடனை வரவேற்றுப் பலகை வைத்த தெரு தமிழ்நாட்டிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு ஒரு விசில் கொடுத்தார்கள். வாடகைக்கு இருந்த எங்களுக்கு மட்டும் தரவில்லை. "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்," என்றார் தலைவர். சிரமம் என்ற சொல்லுக்கு 'நீங்கள் வெளியாள்' என்றும் பொருள் உண்டு என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அக்கா வாசலோரத் தகரச் சாய்ப்பில் பெரிய கிரைண்டர் ஒன்றைப் போட்டு, இட்லி மாவு ஆட்டி விற்றாள். தெருவுக்கும் பக்கத்து டிபன் கடைகளுக்கும் அவள் மாவுதான். அந்தக் கல் சுற்றினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். ஆனாலும் என்னை "வாங்க, இருங்க, சாப்பிட்டீங்களா" என்றுதான் சொல்வாள். எங்கள் ஊரில் பிரியம் கூடினால் 'ஏட்டி' என்போம், கோபம் வந்தாலும் அதே 'ஏட்டி'தான். அக்காவின் மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் வீட்டில் நான் எப்போதும் விருந்தாளிதான். அது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அக்கா காந்திபுரத்துக்கு உளுந்து வாங்கப் போயிருந்த ஒரு காலையில் லக்கேஜ் ஆட்டோ ஒன்று அவள் வீட்டு முன்னால் வந்து நின்றது. சலவைச் சட்டை போட்ட ஒருவன் இறங்கினான். தலைவரும் அடுத்த வீட்டுக்காரரும் விதிப்படி எதிரே போய் நின்றார்கள்.

"ஏனுங்க, யாரூட்டுக்குங்க?"

"மாவுக்கார அக்கா ஊட்டுக்குங்க. கிரைண்டர் பெல்ட் தேஞ்சு சத்தம் வருதுன்னாங்க. கடைக்கு எடுத்துட்டுப் போய் மாத்திக் குடுத்தர்லாம்னு வந்தேனுங்க. அக்கா இல்லீங்களா?"

ஒரே பதிலில் எத்தனை 'ங்க'! தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

நான் எங்கள் வீட்டுக் கேட்டில் நின்றபடி, "நீ யாரு? எந்தக் கடை?" என்று கேட்டேன்.

அவன் வருத்தத்தோடு தலைவரைப் பார்த்தான். தலைவர் என்னைப் பார்த்தார்.

"அம்மணி, அவரு பாவம் வேலையா வந்திருக்காருங்க. இப்படிக் கேட்டா சங்கடப்பட மாட்டாருங்களா?"

நான் கேட்டைச் சாத்திக்கொண்டேன். கல் கனம், ஒருவரால் தூக்க முடியாது. தலைவர் ஒரு பக்கமும் அடுத்த வீட்டுக்காரர் மறுபக்கமும் பிடித்தார்கள். சட்டை கசங்கும் என்று அவனைப் பிடிக்கவும் விடவில்லை. "பாத்துப் போங்க" என்றார்கள். அவன் "வாரேனுங்க" என்றான். ஆட்டோ போய்விட்டது.

அக்கா வந்து காலியான சாய்ப்பைப் பார்த்து அப்படியே நின்றாள். "போன வாரம் மாவு வாங்க வந்தாருங்க. பெல்ட் சத்தத்தைக் கேட்டுட்டு அக்கறையா விசாரிச்சாரு," என்று மெதுவாகச் சொன்னாள். அவள் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டேஷனில் தலைவர் புகார் சொன்னார். "வந்தாருங்க. மோர் குடிச்சாருங்க. வாரேன்னு சொல்லிட்டுப் போனாருங்க."

சப் இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்தார். "திருடன்யா அவன். அவனுக்கு என்ன மரியாதை?"

"இருக்கட்டுங்க. பழக்கமில்லாதவரைப் போயி அவன் இவன்னு எப்படிங்க?"

தெருவில் எல்லாரும் 'எங்கள் கிரைண்டரில் ஆட்டிக்கொள்ளுங்கள்' என்று அக்காவிடம் சொன்னார்கள். நானும் கெஞ்சிப் பார்த்தேன். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று எல்லாருக்கும் ஒரே பதில். பின்கட்டில் கிடந்த பழைய ஆட்டாங்கல்லைக் கழுவி, கையால் ஆட்ட ஆரம்பித்தாள். வீட்டுக்கு ஆட்டுவது வேறு, கடைகளுக்கு ஆட்டுவது வேறு. டிபன் கடைகள் ஒவ்வொன்றாக வேறு இடம் பார்த்துக்கொண்டன. அவள் உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. துணி சுற்றிக்கொண்டு ஆட்டினாள். தெருவே பார்த்துப் பார்த்து உச்சுக்கொட்டியது. மரியாதை பார்க்கிற ஒருத்தி மரியாதையாலேயே பட்டினி கிடக்கப் போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

சில வாரம் கழித்து அவனைத் துடியலூரில் பிடித்தார்கள். அங்கே வேறொரு கிரைண்டரை ஏற்றும்போது அந்த வீட்டுக் கிழவி அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். அவளுக்கு எந்த ஊர் என்று கேட்க ஆசைப்பட்டேன். அடையாளம் காட்டத் தலைவர், அக்கா, நான் மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

மூலையில் உட்கார்ந்திருந்தவன் எங்களைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான். "வாங்கய்யா. வாங்கக்கா, நல்லாருக்கீங்களா?"

"இருக்கட்டும், உக்காருங்க," என்றார் தலைவர்.

சப் இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இவன்தானா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"இவரு... இவரு மாதிரித்தானுங்க இருந்தாரு," என்று தலைவர் இழுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என்னைத் தாண்டி முன்னால் போனாள். கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"என்ற கல்லு எங்கடா?"

தலைவர் பதறிப்போய் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அதுவரை போலீஸ் கேட்டும் வாய் திறக்காதவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மேட்டுப்பாளையம் ரோட்டுல ஒரு மெஸ்ஸுல குடுத்துப்போட்டனுங்க," என்றான்.

எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. விசில்தான் கொடுக்கவில்லையே.

கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று திரும்பி, பொதுவாக எல்லாரையும் பார்த்து, "வாரேனுங்க," என்றாள். பழக்கம் விடுமா? "போய்ட்டு வாங்கக்கா," என்று மூலையிலிருந்து பதில் வந்தது.

டவுன் பஸ்ஸில் அக்கா அழுதுகொண்டே வந்தாள். கல் கிடைக்கப்போகிற சந்தோஷம் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன்.

"ஒரு மனுசனப் பாத்து 'டா'ன்னு சொல்லிப்போட்டனே," என்றாள்.

"எங்க ஊர்ல அதெல்லாம் சேத்தியே இல்லக்கா," என்றேன். அழுகையோடு சிரித்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் எனக்கு ஒரு விசில் கொடுத்தார். இனிமேல் வருகிறவர்களைக் கேள்வி கேட்கும் பொறுப்பும் எனக்கே என்றார். "அம்மணிக்குத்தானுங்க அது நல்லா வருது," என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

போலீஸ்காரர்கள் கிரைண்டரை மீட்டுக் கொண்டுவந்து போட்ட மறுநாள், புதுப் பெல்ட்டோடு அது சுற்ற ஆரம்பித்தது. நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். சாய்ப்புக்குள்ளிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏ கண்ணு, அங்க என்ன பண்ற? பாத்திரத்தை எடுத்துட்டு வா."

நான் நின்று கேட்டேன். பின்னால் 'ங்க' ஏதாவது வருகிறதா என்று கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை. விளக்குமாற்றை அப்படியே போட்டுவிட்டுப் பாத்திரம் எடுக்க ஓடினேன்.