கிரேன் மேலிருந்து மூன்று படம்

பத்தொன்பது வருஷமாகக் கிரேன்காரருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கட்டட வேலையில், கிரேன் உச்சியிலுள்ள கூண்டில் பகலெல்லாம் உட்கார்ந்துவிட்டு இறங்கி வருபவரிடம் மனைவி கேட்பாள்: “மேல நல்லா காத்து வாங்கிட்டு வந்தாச்சா?”

அங்கிருந்து தெரியும் அந்தி நேரத்து ஊரை அவளுக்குக் காட்டியே தீருவதென்று பழைய கேமரா ஒன்று வாங்கினார். படத்தில் வானம் நன்றாக விழுந்தால் ஊர் கரிக்கட்டையானது. ஊர் தெரிந்தால் வானம் வெளுத்துப்போனது.

“கேமராவை அசைக்காம இருட்டா ஒண்ணு, நடுவாந்தரமா ஒண்ணு, வெளிச்சமா ஒண்ணு எடுங்கண்ணே. கம்ப்யூட்டர்ல மூணையும் சேத்தா ரெண்டும் தெரியும். எச்டிஆர்னு பேரு” என்றார் ஸ்டுடியோக்காரர்.

ஆனால் கிரேன் காற்றுக்கு ஆடியது. மூன்றும் பொருந்தாமல் கூரைகள் இரண்டிரண்டாக விழுந்தன.

“என்னங்க, ஊருக்கே ரெட்டைப் பிரசவமா?” என்று மனைவி சிரித்தாள்.

“சிரி, சிரி. எடுக்காம விடமாட்டேன்.”

கேமராவைக் கூண்டுக் கம்பியோடு சேர்த்து முறுக்கிக் கட்டினார். வேலை முடிந்தும் இறங்காமல், தினமும் காற்று அடங்கக் காத்திருந்தார். பதினேழாம் நாள் கிரேன் முனையிலிருந்த கொடி துவண்டு தொங்கியது. எடுத்துவிட்டார்.

ஸ்டுடியோக்காரர் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த படத்தை மனைவியிடம் நீட்டினார். செக்கச்செவேலென்ற வானம்; கீழே ஒவ்வொரு சன்னலும் தெளிவாகத் தெரிந்தது. படத்தில் தெருத்தெருவாக விரலை ஓட்டியவள் ஒரு மாடியில் நிறுத்தினாள்.

“இது நாம துணி காயப்போடுற கொடிதானே?”

“ஆமா. தினமும்தான் பாக்கறேன்.”

அவள் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நாளைக்குப் பச்சைச் சேலை கட்டிக்கிட்டு மாடிக்கு வரேன். மூணும் எடுத்து முடிக்கிற வரைக்கும் அசைய மாட்டேன். இன்னொரு தடவை எடுங்க.”